பதினான்கு மாத இருட்டு

ஒரு மனிதனை முதல் மூன்று வருடத்தில் எழுதி முடித்துவிடுகிறார்கள், மீதி ஆயுள் முழுக்க அவன் அதற்குப் பொழிப்புரை சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று இருபது வருடமாக வகுப்பில் பாடம் எடுத்தவன் நான். பையன்கள் கொட்டாவி விடுவார்கள். “அந்த வயசுல நடந்தது யாருக்கு சார் ஞாபகம் இருக்கு? எப்படி நிரூபிப்பீங்க?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். என்னிடம் பதில் இருக்காது. அதனால்தான் அடிமண் வேலை செய்த முதல் நாள், ஐம்பத்திரண்டு வயது மனநல மருத்துவர் குற்றாலிங்கமாகிய நான், ஆய்வுக்கூடத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன். நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது. விழுந்து மணிக்கட்டு பிசகியது. கட்டுப் போடும்போதும் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன்.

அடிமண் என்பது நான் அந்த இயந்திரத்துக்கு வைத்த பெயர். நாம் ஒவ்வொரு முறை தூங்கி எழும்போதும் அன்றைய நாள் மூளையில் மெல்லிய படிவாகப் படிகிறது. நமக்கு மறந்துபோனாலும் படிவு அழிவதில்லை. தலையில் ஒரு கூட்டைக் கவிழ்த்துவிட்டுப் பிறந்த தேதியைக் கொடுத்தால், இன்றிலிருந்து எத்தனை படிவு கீழே இறங்க வேண்டும் என்று அடிமண் எண்ணிக்கொண்டு போகும். அடியில் அந்தக் குழந்தை பார்த்த வெளிச்சம், கேட்ட சத்தம், தோலில் பட்ட சூடு எல்லாம் கிடைக்கும். அது என்ன நினைத்தது என்பது மட்டும் கிடைக்காது. அதைச் சொல்லத்தான் எங்களைப் போன்ற மேதாவிகள் இருக்கிறோம்.

அடிமண்ணை முதலில் தேடி வந்தது நிலா நிலையத் தேர்வுக் குழு. ஆறு பேர், இருபத்தாறு மாதம், ஒரு கல்யாண மண்டபம் அளவுகூட இல்லாத மூடிய கூடம். முந்தைய குழுவில் ஒருவர் எட்டாவது மாதம் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாராம். மிச்சப் பதினெட்டு மாதமும் மற்ற ஐந்து பேரும் அவருக்குச் சோறு ஊட்டியிருக்கிறார்கள்.

குழுத் தலைவர் ஞானதிரவியம் விதிப்புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர். “எலும்பப் பாத்தாச்சு, ரத்தத்தப் பாத்தாச்சு. இனி அஸ்திவாரத்தப் பாத்துச் சொல்லுங்க டாக்டர். அது ஆட்டம் கண்டிருந்தா நான் அனுப்ப மாட்டேன்” என்றார்.

அப்படித்தான் சண்முகக்கனி என் கூட்டுக்குள் தலையைக் கொடுத்தாள். தூத்துக்குடிக்கு வடக்கே ஓர் உப்பளக் குடும்பம். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், எல்லாம் அம்மாதான். கடலுக்கடியில் குழாய் பழுது பார்க்கும் பொறியாளர். ஒரு பயிற்சிக்காக நாற்பது நாள் கடலடியில் ஒரு இரும்புக் கூண்டில் தனியாக இருந்துவிட்டு, வெளியே வந்ததும் “கொஞ்சம் முறுக்கு இருந்தா குடுங்க” என்று கேட்டவள். எல்லாத் தேர்விலும் முதலிடம். பதினோரு வருடமாக இந்த ஒரு இடத்துக்காகத் தயாராகிக்கொண்டிருந்தாள். அடுத்த குழு ஏழு வருடம் கழித்துத்தான் போகும், அதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும். இந்த முறை போகவில்லை என்றால் அவளுக்கு நிலா வெறும் வானத்தில் தெரியும் சாமான்தான்.

“சார், உள்ள என்ன இருக்குன்னு எனக்கும் சொல்லுவீங்கல்லா? எங்க அப்பா முகம் ஏதாவது கெடைச்சா நல்லா இருக்கும்” என்றாள்.

“எல்லாம் சொல்றேன்மா” என்றேன்.

ஒரு படிவைப் படிக்க நான்கு மணி நேரம் ஆகும் என்பதால் மாதத்துக்கு ஒரு நாள் என்றுதான் தோண்டுவோம். சான்றிதழில் இருந்த ஜூன் முதல் தேதியைக் கொடுத்தேன். முதல் மாதம், ஒன்றுமில்லை. இரண்டாம் மாதம், ஒன்றுமில்லை. இப்படி ஒன்பது மாதம் வெறும் சாம்பல் திரை. பத்தாவது மாதம் திரை கறுத்தது, ஒலிப்பெருக்கியில் சத்தம் கேட்டது. எனக்குப் புல்லரித்துவிட்டது. கும்மிருட்டு. கை கால் மடக்கி இறுக்கிய உணர்வு. நிற்காமல் ஒரு ‘தொம் தொம்’. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது மாதிரி ஒரு பெண் குரல். இடையிடையே எதையோ பிராண்டுகிற ‘சரக் சரக்’. அடுத்த மாதமும் அதே இருட்டு. அதற்கடுத்த மாதமும். ஐந்து மாதம் இப்படியே போய், பதினைந்தாவது மாதத்தில்தான் வெளிச்சமும் கலங்கலாக ஒரு முகமும் வந்தன. முதல் சொல்லை இரண்டு வயது தாண்டித்தான் பேசியிருந்தாள். நடக்க ஆரம்பித்ததும் அதை ஒட்டித்தான்.

அன்று எங்கள் ஆறு நிபுணர்களின் கூட்டம் நடந்ததே, அத்தனை உற்சாகமான கூட்டத்தை நான் பார்த்ததில்லை. ஆளுக்கு ஆள் எழுந்து நின்று பேசினோம். முதல் ஒன்பது மாத வெறுமைக்குக் காரணம் தாங்கமுடியாத அதிர்ச்சி, மனம் தன்னைத்தானே துடைத்துக்கொண்டது. அடுத்த ஐந்து மாதம் இருட்டறையில் அடைப்பு. கை காலைத் துணியால் கட்டியிருக்கிறார்கள். ‘தொம் தொம்’ பக்கத்தில் ஏதோ மாவு மில். ‘சரக் சரக்’ குழந்தை கதவைப் பிராண்டும் சத்தம். மரக்கதவாகத்தான் இருக்கும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார்.

“அப்படின்னா கடலடியில நாப்பது நாள் சந்தோஷமா இருந்தாளே, அது எப்படி?” என்று ஞானதிரவியம் கேட்டார்.

“அதுதான் சார் ஆதாரமே! அடைபட்ட இருட்டு அவளுக்குத் தாய்வீடு. சிரிக்கிறது மேல்பூச்சு. ஒரு நாள் அது உரிஞ்சு விழும்” என்றேன் நான். கைதட்டினார்கள். அவள் அழுதிருந்தால் அது நோய், சிரித்ததால் அது இன்னும் பெரிய நோய். காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எனக்கு அன்று அந்தப் பழமொழி ஞாபகம் வரவில்லை.

கனியை உட்கார வைத்து நான்தான் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

“எங்கம்மாவா? சார், எங்கம்மா ஒரு கோழியக்கூட கூடைக்குள்ள போட்டு அடைக்க மாட்டா. கோழி முழிக்கிற முழிப்பப் பாத்துட்டுத் தொறந்து விட்டுருவா.”

“எல்லாப் பிள்ளைங்களும் இப்படித்தாம்மா சொல்வாங்க. அம்மா நல்லவளா இருந்தே ஆகணும்னு மனசு பிடிவாதம் பிடிக்கும்.”

“அப்ப என்னைய அனுப்ப மாட்டீங்களா?”

“ஒரு வழி இருக்கு. தீர்வுக் கூடல்னு விதியில இருக்கு. காயப்படுத்தினவங்க நேர்ல வந்து, செஞ்சதை ஒத்துக்கிட்டு, நீ கேக்கிறதுக்கெல்லாம் பதில் சொல்லணும். அப்படிச் செஞ்சா முடிச்சு அவிழும். நான் கையெழுத்துப் போடலாம்.”

அவள் சிரிப்பு மெதுவாக அடங்கியது. “எங்கம்மா பொய் சொல்ல மாட்டா சார். அவகிட்டயே கேளுங்க” என்றாள்.

மாடத்தி அம்மாள் மூன்றாம் நாள் வந்தார். உப்பில் நின்று நின்று வெடித்த பாதம், இறுக்கிச் செருகிய சேலை. நான் நாட்காட்டியை விரித்து ஜூன் முதல் தேதியைக் காட்டினேன். இன்ன மாதத்திலிருந்து இன்ன மாதம் வரை ஒன்றும் பதிவாகவில்லை, இங்கிருந்து இதுவரை இருட்டு என்று விரல் வைத்து விளக்கினேன். அவர் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு ஏதோ எண்ணினார். இரண்டு தரம் எண்ணினார். பிறகு மகளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அய்யா, நான் ஆமான்னு சொன்னா இவள மேல அனுப்பிருவீங்களா?”

“மனசு விட்டு ஒத்துக்கிட்டா அனுப்பலாம்.”

“அப்ப ஆமா. நான்தான் பூட்டி வச்சேன்.”

கனி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். “என்ன சொல்லுதே?” என்றாள்.

“வேலைக்குப் போணும்லா. பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு உப்பு அளத்துல என்ன செய்ய.”

“மரக்கதவுதானேம்மா?” என்றேன் நான். என் ஆர்வம் எனக்கு.

மாடத்தி அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். “மரக்கதவுதான்” என்றார்.

“கை காலக் கட்டிப் போட்டியா?” என்று கனி கேட்டாள். அவள் அம்மா மறுபடியும் என்னைத்தான் பார்த்தார். நான் தலையசைத்தேன். பேசுங்கள், தைரியமாகப் பேசுங்கள் என்று அர்த்தம். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார் என்பது எனக்குப் பத்தொன்பது நாள் கழித்துத்தான் உறைத்தது.

“கட்டித்தான் போட்டேன்.”

“பக்கத்துல மில்லு இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

கனி எழுந்தாள். அழவில்லை, கத்தவில்லை. “சரிங்க. வந்ததுக்கு நன்றிங்க” என்றாள். பெற்ற தாயிடம் ‘சரிங்க’ என்று ஒரு பெண் சொல்வதை அன்றுதான் கேட்டேன். மாடத்தி அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர் ஒத்துக்கொண்டதை எழுதிக் கோப்பில் வைத்து நான் கையெழுத்துப் போட்டேன். அதோடு நிற்காமல் முப்பது பக்கக் கட்டுரையும் எழுத ஆரம்பித்துவிட்டேன். தலை கால் புரியவில்லை எனக்கு. முதல் வருடக் காயம், ஒப்புதல், விடுதலை என்று நான் கரும்பலகையில் எழுதியதெல்லாம் கண்முன்னால் நடந்திருக்கிறதே! கிளம்பும் நாள் வரை குடும்பத்தார் தங்கலாம் என்று வளாகத்தில் ஒரு விடுதி உண்டு. மாடத்தி அம்மாள் அங்கேயே தங்கினார். தினமும் மகளுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்புவார். தினமும் பாத்திரம் திறக்காமல் திரும்பி வரும். கனி அவரை ‘அவங்க’ என்று குறிப்பிட ஆரம்பித்திருந்தாள். கோபம் வெளியே வருவது நல்லது என்று கட்டுரையில் அதையும் குறித்துக்கொண்டேன்.

பத்தொன்பதாம் நாள் மதியம் கனி ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். மறுநாள் காலை இறுதிக் கையெழுத்து.

“அந்த ரூம ஒரு தடவ கேக்கணும் சார்.”

“இப்ப எதுக்கும்மா?”

“கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு அவங்க என்னதான் பேசிக்கிட்டு இருந்தாங்கன்னு தெரியணும். ஒரு தடவையாவது என்னையப் பத்தி ஏதாவது சொன்னாங்களான்னு.”

காதுக் கருவியை மாட்டி பன்னிரண்டாவது மாதப் படிவை ஓட விட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். திடீரென்று புருவம் சுருங்கியது. தலையை இடது பக்கம் திருப்பினாள், வலது பக்கம் திருப்பினாள். சத்தத்தைக் கூட்டச் சொன்னாள்.

“சார், இது ரூம் இல்ல.”

“என்னது?”

“இது தண்ணி.”

“கனி, என்ன சொல்ற நீ?”

“காத்துல ஒரு சத்தம் வந்தா வலதுல வருதா, இடதுல வருதான்னு தெரியும். தண்ணிக்குள்ள தெரியாது, மண்டைக்குள்ளயே கேக்கும். அதோட கூர்மையான சத்தமெல்லாம் மழுங்கிரும். அவங்க பேச்சக் கேளுங்க, ராகம் மட்டும் வருது, வார்த்தை வரல. ஆயிரக்கணக்கான மணி நேரம் தண்ணிக்குள்ள கெடந்தவ நான், எனக்குத் தெரியாதா?” படபடவென்று பேசிக்கொண்டே போனாள். “இன்னொண்ணு, இந்த ரூம் நடக்குது சார். அவங்க வேகமா நடந்தா ‘தொம் தொம்’ கூடுது, உக்காந்தா கொறையுது. மில்லு எங்கயாவது உக்காருமா?”

நான் ஒலிப்பெருக்கியையும் போட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டேன்.

“கைக்கொழந்தைய அஞ்சு மாசம் தண்ணிக்குள்ள யாராவது பூட்டி வைப்பாங்களா சார்?” என்று கேட்டவள், கேட்டு முடித்த அந்த நொடியிலேயே தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். நானும் அந்த நொடியில்தான் வந்து சேர்ந்தேன்.

“உன் பிறந்த தேதியை யாரும்மா எழுதினது?”

“பள்ளிக்கூடத்துல சேக்கும்போது எழுதுனதுதான். வீட்டுல பொறந்தேன், வேற சீட்டு கெடையாது. ஜூன் ஒண்ணு.”

ஜூன் ஒன்று! என் சொந்த அண்ணனுக்கும் ஜூன் ஒன்றுதான், அவன் பிறந்ததோ ஐப்பசி மழையில். பள்ளி திறக்கும் நாளில் ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று எங்கள் ஊர்த் தலைமையாசிரியர்கள் பாதிப் பிள்ளைகளை ஜூன் மாதத்தில் பிறக்க வைத்தார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடிமண்ணுக்குத்தான் தெரியாது. இல்லாத நாளைத் தோண்டச் சொன்னோம், அது தோண்டியது. ஒன்றும் கிடைக்கவில்லை என்று நேர்மையாகச் சொன்னது. பிறக்கவே இல்லாத பிள்ளைக்கு அதிர்ச்சி ஏற்பட்டதாகக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள்தான். உலகத்திலேயே முதல் முறையாகத் தாயின் வயிற்றை உள்ளேயிருந்து கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு அதைச் சிறை என்றும், அவள் இதயத் துடிப்பை மாவு மில் என்றும் எழுதி முத்திரையும் குத்தியிருக்கிறோம். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அதே சமயம் எழுந்து குதிக்க வேண்டும் போலவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

“அந்த ‘சரக் சரக்’?” என்றேன்.

“உப்பு வாருத பலகை சார். வயித்துல என்னைய வச்சுக்கிட்டு வெயில்ல நின்னு உப்பு வாரியிருக்காங்க” என்றாள். அடுத்த நொடி கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு விடுதியை நோக்கி ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

மாடத்தி அம்மாள் வராந்தாவில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கனி மூச்சு வாங்க முன்னால் போய் நின்றாள்.

“என்னையப் பூட்டி வச்சீங்களா?”

அவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். குட்டு வெளிப்பட்டது புரிந்துவிட்டது. “மெதுவாப் பேசுட்டி” என்றார்.

“எதுக்குப் பொய் சொன்னீங்க?”

“வேற என்ன செய்யச் சொல்லுத? ஒன்னைய நாலு வயசுலயே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். தலைக்கு மேல கையப் போட்டு மறுபக்கத்துக் காதத் தொடச் சொன்னாவ. ஒனக்கு எட்டல. நான் பெரிய வாத்தியார் முன்னால நின்னு அழுதேன். இங்க விட்டா மதியம் சோறு கெடைக்கும், நானும் நிம்மதியா வேலைக்குப் போவேன்னு. அவரு பாவம், ஒரு வயசக் கூட்டி எழுதிக்கிட்டாரு.” வெங்காயத் தோலை மடியிலிருந்து தட்டினார். “இந்த வேலைக்கு நீ எழுதிப் போடும்போது எனக்கு வாசிச்சுக் காட்டினியே, சான்றிதழ்ல பொய் இருந்தா ஆயுசுக்கும் சேக்க மாட்டோம்னு. அது எனக்கு மறக்கல. அய்யா தேதியக் காட்டுனதும் எண்ணிப் பாத்தேன். அந்த மாசத்துல நீ பொறக்கவே இல்ல. அதச் சொன்னா ஒன்னைய வெளிய தள்ளிருவாங்க. சொல்லாட்டா நான் கெட்ட தாய். அவ்வளவுதானே? ஏசிட்டுப் போறாங்க.”

“நான் ஏசுனேனே” என்றாள் கனி.

“நீ ஏசல. சரிங்கன்னுதான் சொன்னே” என்றார் மாடத்தி அம்மாள். ஏசியிருந்தால் தேவலை என்பது அவர் முகத்திலேயே இருந்தது. என்னிடம் கையைக் கூப்பினார். “அய்யா, நீங்க வாயத் தொறக்காதிய. நாளைக்கு ஒரு நாள் போயிட்டா இவ மேல போயிருவா.”

வாயை மூடிக்கொண்டால் எனக்கும் நல்லதுதான். என் இயந்திரமும், என் முப்பது பக்கமும், என் மானமும் அப்படியே இருக்கும். அந்த ஆசை எனக்கு ஒரு நிமிடம் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். கனி அம்மாவின் கையிலிருந்த வெங்காயத்தை வாங்கி உரித்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குழு கூடியது. மேசைக்குப் பின்னால் ஞானதிரவியமும் நான்கு உறுப்பினர்களும். எங்களுக்குப் பின்னால் குடும்பத்தாருக்கான நாற்காலியில் மாடத்தி அம்மாள், நுனியில் உட்கார்ந்திருந்தார். தலைவர் சான்றிதழை எடுத்துப் படித்தார். பெயர், ஊர், பிறந்த தேதி. “சரிதானேம்மா? கையெழுத்துப் போடுங்க.”

பேனா கனியின் கையில் இருந்தது. அதை மூடி மேசையில் வைத்தாள்.

“பிறந்த தேதி தப்பு சார்” என்றாள்.

“அய்யா, அவ சும்மா வெளையாடுதா!” என்று மாடத்தி அம்மாள் எழுந்துவிட்டார்.

“வெளையாடல சார். எங்கம்மா என்னைய எங்கயும் பூட்டி வைக்கல. அது அவங்க வயிறு. நான் நிலாவுக்குப் போகணும்னு அவங்க இல்லாத குத்தத்த ஏத்துக்கிட்டாங்க. அந்தக் காயிதம் உங்க கோப்புல இருக்கிற வரைக்கும் நான் எங்கயும் போக மாட்டேன். அதக் கிழிங்க. அப்புறம் என்னைய வெளிய அனுப்புறதுன்னா அனுப்புங்க.”

நானும் எழுந்தேன். என் முட்டாள்தனத்தை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். மரக்கதவைக்கூட விடவில்லை.

ஞானதிரவியம் விதிப்புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்தார். படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு கனியைப் பார்த்தார்.

“காது எட்டலையா?”

“எட்டலையாம் சார்.”

“எனக்கும் எட்டல” என்றார். “மே முப்பத்தொண்ணு.”

பக்கத்தில் இருந்த உறுப்பினர் தொண்டையைச் செருமினார். “ஜூன் ரெண்டு சார்.” அவருக்கு அடுத்தவர், ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி, மேசையைப் பார்த்துக்கொண்டே “ஜூன் ஒண்ணு” என்றார். “எனக்கும் அண்ணனுக்கும் நாலு மாசம்தான் சார் வித்தியாசம், சான்றிதழ்ல” என்றார் நான்காவது ஆள். ஐந்தாவது அம்மையார் மட்டும் ஆஸ்பத்திரியில் பிறந்தவராம். அவருக்கு என்னமோ கூச்சமாகிவிட்டது.

“இந்த விதிய அப்படியே பிடிச்சுக்கிட்டா மேசைக்கு இந்தப் பக்கம் இவங்க ஒருத்தங்கதான் மிஞ்சுவாங்க” என்றார் ஞானதிரவியம். ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோப்பிலிருந்து உருவி நான்காகக் கிழித்தார். “பொய் எழுதினது அந்த வாத்தியார், இந்தப் பொண்ணு இல்ல. இந்தப் பொண்ணு, போகப்போற இடத்தையே விட்டுட்டு உண்மையச் சொல்லுது. அஸ்திவாரம் வேற எப்படி டாக்டர் இருக்கணும்? ஆனா சரியான தேதி இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது. அம்மா, எப்ப பொறந்துச்சு பிள்ள?”

“தேதி யாருக்குய்யா தெரியும்? ஆடி மாசம். அளத்துல நிக்கும்போது வலி கண்டுது” என்றார் மாடத்தி அம்மாள். மகளின் இடம் பறிபோகவில்லை என்பதே அவருக்கு இன்னும் முழுசாக ஏறவில்லை.

“நான் சொல்றேன்!” என்று கத்தினேன். எல்லாரும் திரும்பினார்கள். “அடிமண் சொல்லும். அந்தப் பதினாலாவது மாசத்தை நாள் நாளாத் தோண்டினா இருட்டு எந்த நாள்ல முடியுதுன்னு தெரிஞ்சிடும். அதுதான் தேதி.”

படிவு ஒன்றுக்கு நான்கு மணி நேரம் என்பதால் இரவு பகலாகத் தோண்டியும் மூன்று நாள் ஆயிற்று. ஆய்வுக்கூடத்தில் ஒரு தலையணையும் தண்ணீரும் வைத்து கனியைப் படுக்க வைத்திருந்தோம். ஞானதிரவியம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார், அரை மணியில் திரும்பி வந்து எட்டிப் பார்ப்பார். ‘ஜூன் ரெண்டு’காரர் தனக்கும் ஒரு தரம் பார்த்துச் சொல்ல முடியுமா என்று என் காதில் கேட்டுவைத்தார். மாடத்தி அம்மாள் அறை மூலையில் தரையில் உட்கார்ந்துகொண்டார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. மகளும் அவரும் அன்றிலிருந்து அதிகம் பேசிக்கொள்ளவில்லை. குழம்பு மட்டும் காலியாகித் திரும்பியது.

மூன்றாம் நாள் மாலை பதினேழாவது படிவு. திரையில் அதே கறுப்பு. அதே ‘தொம் தொம்’. எண்ணிக்கொண்டே இருந்தேன். திடீரென்று அந்த அடி வேகம் பிடித்தது. பெண் குரல் ஒன்று அலறியது. கூடத்தில் எல்லாரும் எழுந்துவிட்டோம். கறுப்பு சிவப்பாயிற்று, சிவப்பு கிழிந்தது, திரை முழுக்க வெள்ளை வெளிச்சம் கொட்டியது. ‘தொம் தொம்’ நின்றுபோய், உலகத்துச் சத்தமெல்லாம் கூர்மையாக உள்ளே வந்து விழுந்தது. காற்று, யாரோ ஓடுவது, ஒரு தகரம் கீழே விழுவது, எல்லாவற்றையும் மீறி ஒரு குழந்தையின் அழுகை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெள்ளைக்குள்ளிருந்து மெதுவாக ஒரு முகம் வந்தது. பிறந்த குழந்தையின் கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான், கலங்கலாக. நெற்றியெல்லாம் வேர்வை. தலைமுடியில் உப்பு. இருபத்திரண்டு வயதுப் பெண். மூலையிலிருந்து மாடத்தி அம்மாள் எழுந்து வந்து திரைக்கு முன்னால் நின்றார். அந்த வயதில் தன் முகம் எப்படி இருந்தது என்று காட்ட அவரிடம் ஒரு புகைப்படம்கூடக் கிடையாது என்று பிறகு சொன்னார்.

திரையிலிருந்த பெண் இன்னும் பக்கத்தில் குனிந்தாள். ஐந்து மாதமாகச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட அதே குரல், இப்போது சுவர் இல்லாமல், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

“வந்துட்டியா?”

கனி கூட்டுக்குள் தலையை வைத்தபடியே கையை நீட்டிப் பக்கத்தில் தேடினாள். மாடத்தி அம்மாளின் விரல் அகப்பட்டது. இருபத்திரண்டு நாளாக அவரிடம் சொல்லாத சொல்லை அப்போதுதான் சொன்னாள்.

“வந்துட்டேம்மா” என்றாள்.